அடுப்பில் காய்ந்த களிமண்

மே 11

பூமிப் பிளவில் இருக்கும் இந்தக் களிமண் இப்படியே மெல்ல நழுவிக்கொண்டிருக்குமா, இல்லை ஒருநாள் மொத்தமாக அறுத்துக்கொண்டு போகுமா? இருபது வருடமாக இதைத்தான் தேய்த்துப் பார்க்கிறேன். எனக்குத் தெரியாது.

காராதெரே என்ற ஊரில், பிளவுக்கு மேலேயே பள்ளிக்கூடம் கட்டப்போகும் இடத்தில் குழி தோண்டி, எங்கள் சோதனைக்கூடத்துக்கு ஏழு டப்பா மண் கொண்டுவந்திருக்கிறார்கள். பச்சை கலந்த சாம்பல் நிறம். விரலிடுக்கில் சோப்பு மாதிரி வழுக்குகிறது.

மே 13

துறைத்தலைவர் நெவ்ஸாத் என்னிடம் கேட்காமலே மண்ணை அடுப்பில் காயவைத்து, சோதித்து, அறிக்கையும் எழுதிவிட்டார். இந்தக் களிமண்ணின் மெல்லிய ஏடுகளுக்கிடையே தண்ணீர் இருக்கும்வரைதான் வழுக்கும். ஓர் இரவு சூட்டில் வைத்தால் பாறைபோல் உராயும். பூமிக்கடியில் அடுப்பு வைத்திருப்பது யார்?

கேட்டேன். சிரித்தார்.

"கட்டட மண்ணை அப்படித்தானே காயவைக்கிறோம், பெர்ரின் மேடம்? நகராட்சிக்காரங்களுக்குப் பெரிய எண்ணா இருந்தா போதும். நிலம் அசையாதுன்னு நினைச்சுக்குவாங்க."

தப்பாக நினைத்துக்கொள்வார்கள் என்று தெரிந்தே எழுதினீர்களா என்றேன்.

"நான் பொய் சொல்லலையே. காய்ஞ்ச மண்ணுன்னு அடிக்குறிப்புல இருக்கு. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

அடிக்குறிப்பு. எறும்பு அளவு எழுத்தில்.

மே 14

டப்பாவில் மிஞ்சியதை ஈரமாகவே சோதித்தேன். அவருடைய உராய்வு எண் 0.61. என்னுடையது 0.17.

மே 16

காராதெரே போனேன். குழிக்கு அடுத்த வீட்டு ஹஜெர் மதில்சுவர் விரிசலைப் பூசிக்கொண்டிருந்தாள். பெருநாளுக்கு விருந்தாளிகள் வருமுன் வருடாவருடம் அடைத்து வெள்ளையடித்துவிடுவார்களாம். பழைய பூச்சைப் பெயர்த்துப் பார்க்க அனுமதி கேட்டேன். ஒன்பது அடுக்கு. உள்ளே செங்கல் வரிசை நாலு விரல்கடை விலகி நிற்கிறது. ஒன்பது வருடமாக நிலம் ஊர்ந்திருக்கிறது.

குழி தோண்டியவர்கள் இதைப் பார்க்கவில்லையா என்றேன்.

"பார்த்தாங்களே அக்கா. நல்லா பூசியிருக்கீங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க."

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "பள்ளிக்கூடமே வராம பண்ணிடாதீங்க. என் பொண்ணு இருட்டுல எழுந்து ரெண்டு பஸ் மாறிப் போறா."

மேட்டுப் பக்கம் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

மே 18

கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பி அனுப்பினேன். அவரைச் சொல்கிறேனே — போன வருடம் வேறோர் ஊர் அறிக்கையில் அடிக்குறிப்பைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டவள்தானே நான்? கையைக் கழுவிக் கழுவிப் பார்த்தேன். சீ.

மே 20

நாளை நகராட்சிக் கூட்டம். ஈர மண்ணின் எண்ணையும் செங்கல் படத்தையும் காட்டப்போகிறேன். கேட்பார்களா? நம்பிக்கையில்லை.

மே 21

பேசினேன். "பூகம்பம் வருமா வராதா, அதைச் சொல்லுங்க" என்றார் நகராட்சித் தலைவர்.

"தெரியாது. ஆனா அந்தப் பிளவு மேல எந்தச் சுவர் கட்டினாலும் கிழியும். அது தெரியும்."

பின்வரிசையில் இருந்து ஹஜெர், தன் சுவரை வந்து பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். போய்ப் பார்த்தார்கள். திரும்பிவந்து, பள்ளிக்கூடத்தைப் பிளவைவிட்டு முந்நூறு மீட்டர் தள்ளி மேட்டில் கட்டுவதாக முடிவெடுத்தார்கள். நெவ்ஸாத் எழுந்து, "எங்கள் துறையின் ஈரச் சோதனை" பற்றிப் பத்து நிமிடம் பேசினார்.

பழைய இடத்தில் கல்யாண மண்டபம் வருகிறது. ஏன் என்று கேட்டேன்.

"அங்க யாரும் தினமும் உட்காரப் போறதில்லையே, மேடம்" என்றார் நகராட்சித் தலைவர்.

எதிர்த்துக் கை தூக்கியது நான் மட்டும். எனக்கு அங்கே ஓட்டு இல்லை என்றார்கள்.