வாசிப்பை நிறுத்தியவள்

எருசலேம், கத்தமோன்
தேபேத் மாதம் 8, ஞாயிறு காலை

என் அன்பு மகள் யிஸ்காவுக்கு,

ஜோகன்னஸ்பர்க்கில் நீயும் மாப்பிள்ளை நோவாமும் நலமாயிருக்க ஆண்டவர் அருள் புரியட்டும். இங்கே நாங்கள் இருவரும் நலம். மூன்று நாளாக மழை விடவில்லை. பால்கனி ஒழுகுகிறது. பூசுகிறவர் வருவதாகச் சொன்னார், இன்னும் வரவில்லை.

ஒரு வாரமாக அம்மாவின் அழைப்பை நீ எடுக்கவில்லை. "அப்பாவ ஊர் முன்னால அவமானப்படுத்திட்டு எங்கிட்ட என்னம்மா பேச்சு" என்று ஒரு வரி மட்டும் அனுப்பியிருக்கிறாய். அதை அவள் என்னிடம் காட்டவில்லை. தற்செயலாக அவளுடைய கைப்பேசியில் பார்த்தேன். உனக்கு யார் என்ன சொன்னார்களோ தெரியாது. நடந்ததை நான் எழுதுகிறேன்.

நம் ஆலயத்தின் வெள்ளிச் சுட்டுக்கோல், வேதச் சுருளான தோராவின் எழுத்துகளில் விரல் படாமல் வாசிக்கப் பயன்படுமே, அது சிம்ஹத் தோரா கொண்டாட்டத்துக்குப் பிறகு காணாமல் போனது. ஒன்பது வாரம் மரக்கோலை வைத்து வாசித்தோம். மூன்றாவது வாரம், தொழுகை முடிந்து அறுபது பேர் நின்று மீனும் கேக்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஆலயத்தைப் பராமரிக்கும் தக்கேலேயிடம் ஒரு கேள்வி கேட்டேன். "தக்கேலே, ராத்திரியில சாவி உங்ககிட்ட மட்டும்தான இருக்கு?" அவ்வளவுதான். திருடினார் என்று நான் சொல்லவில்லை. பொறுப்பாளன் என்ற முறையில் கேட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தக்கேலே மறுநாள் சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். பதினோரு வருடமாக விடியலில் கதவு திறந்தவர். ஆனாலும் சனிக்கிழமை சபாத் தொழுகைக்கு வருவதை நிறுத்தவில்லை. கதவோரம் கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தார்.

ஹனுக்கா விளக்குத் திருநாள்களுக்குள் புதுமாதப் பிறப்பும் சபாத்தும் ஒன்றாக வந்தால் மூன்று சுருள்கள் எடுக்க வேண்டும். எட்டு நாள் முன்பு அப்படி வந்தது; அதற்கு முந்திய நாள், வெள்ளிக்கிழமை காலை, அவற்றை உரிய பகுதிக்குச் சுற்றிவைக்கப் போனேன். மூன்றாவது சுருளின் வெல்வெட் உறையைக் கழற்றியதும் சுட்டுக்கோல் தரையில் விழுந்தது. சிம்ஹத் தோராவுக்குப் பிறகு அந்தச் சுருளை யாரும் தொடவில்லை. அன்று அதற்கு உறை போட்டுப் பேழையில் வைத்தவன் நான்.

அம்மாவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை தக்கேலேயைத் தனியாகப் பார்த்துப் பேசிவிடுவதாகவும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "கேட்டது அறுபது பேர் முன்னால. சொல்றது மட்டும் தனியாவா?" என்றாள்.

மறுநாள் முதல் சுருளை மேசையில் விரித்தோம். வாசிப்பவர் வாய் திறக்கும் நேரம், பெண்கள் மாடத்தின் கைப்பிடியில் யாரோ மூன்று முறை தட்டினார்கள். நிமிர்ந்து பார்த்தேன். உன் அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

"வாசிக்காதீங்க. எனக்கு ஒரு குறை இருக்கு. அதக் கேட்டுட்டு வாசிங்க."

குறையுள்ளவர் தோரா வாசிப்பையே நிறுத்தலாம் என்ற பழைய வழக்கத்தை நீ பள்ளியில் படித்திருப்பாய். நம் ஆலயத்தில் அதை யாரும் செய்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்ற கெட்ஸல் கிண்டலை விடவில்லை. "என்ன தீர்சா, அவிக்தோர் குப்பை கொட்ட மறந்துட்டானா? அத வீட்ல பேசிக்கலாமே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"என்ன குறைன்னு நான் சொல்ல மாட்டேன். மேசைகிட்ட நிக்கறவருக்குத் தெரியும். அவரே சொல்லட்டும். எனக்கு அவசரமில்ல."

கவனி, யிஸ்கா. என் தவற்றை அவள் சொல்லவில்லை. என் பெயரைக்கூட எடுக்கவில்லை. நானே சொல்வதற்கு இடம் விட்டு நின்றாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு கடைசிப் பெஞ்சைப் பார்த்தேன். தக்கேலே புத்தகத்தை மூடிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னேன். கோலை உறைக்குள் விட்டவன் நான், கண்டெடுத்தவனும் நான், அவரைச் சந்தேகத்தில் நிறுத்தியவனும் நான் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

அவர் எழுந்து, "அன்னிக்கு என் மாமனாரும் இங்க நின்னாரு. வீட்டுக்குப் போனதும் நீங்க கேட்டதையே அவரும் கேட்டாரு. இன்னிக்கு அவர் வரல" என்றார்.

தொழுகை முடிந்ததும் அவர் வீட்டுக்கு வந்து மாமனாரிடமும் சொல்வதாகச் சொன்னேன். அதன் பிறகுதான் அம்மா உட்கார்ந்தாள். வாசிப்பு தொடங்கியது.

அன்றைய பகுதி உனக்குத் தெரியும். கடைசித் தம்பி பென்யமீனின் சாக்கில் யோசேப்பின் வெள்ளிக் கிண்ணம் கிடைக்கிறது. மற்றவர்கள் போகலாம், அவன் மட்டும் அடிமையாவான் என்கிறார்கள். ஒருவரும் ஊருக்குப் போகவில்லை. எல்லாரும் கழுதைமேல் சுமையேற்றி அவனோடு திரும்பினார்கள். யூதா எல்லாருக்காகவும் பேசினான். முன்பு தம்பி யோசேப்பை விற்ற அண்ணன்கள் இன்னொரு தம்பியை விட்டுப் போகாத அளவுக்கு வளர்ந்திருந்தார்கள். ஐம்பது வருடமாக இதைக் கேட்கிறேன். நான் கேள்வி கேட்ட நாளில் அறுபது பேரும் கையில் தட்டோடு நின்றோம், தக்கேலே தனியாக வீட்டுக்குப் போனார் என்பது அன்றுதான் உறைத்தது.

நான் மட்டும் போவதாக இருந்தேன். மழையில் பத்தொன்பது பேர் கூட வந்தார்கள், கெட்ஸலும்தான். நாலு மாடி ஏறினோம். பெரியவர் கதவு திறந்தார். அவரிடம் முழுதும் சொன்னேன். கேட்டுவிட்டு மருமகன் பக்கம் திரும்பி, "நான்தான் முதல்ல உன்ன நம்பியிருக்கணும்ப்பா" என்றார். தக்கேலே எங்களை உட்காரச் சொன்னார். ரொட்டி வந்தது.

சாவியை அவர் இன்னும் வாங்கவில்லை. "யோசிக்கிறேன்" என்றார். அது அவர் உரிமை. இப்போது விடியலில் கதவு திறப்பது நான்.

அவமானம் நடந்தது உண்மைதான், மகளே, ஆனால் ஆறு வாரத்துக்கு மேல் அதைச் சுமந்தவர் வேறொருவர். எனக்கு நேர்ந்தது வேறு. முப்பத்தொரு வருடம் என்னோடு வாழ்கிறவள் யார் என்று அன்று அண்ணாந்து பார்த்தேன். தெருவில் இப்போது என்னை "தீர்சாவின் கணவர்" என்கிறார்கள். நிமிர்ந்து நடக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் உன் தலைமேல் கை வைத்துச் சொல்லும் ஆசியை, நீ போன பிறகும் விடாமல் சொல்கிறேன். சாராளைப் போல, ரெபெக்காளைப் போல, ராகேலைப் போல, லேயாளைப் போல ஆண்டவர் உன்னை ஆக்கட்டும். இந்த வாரம் ஐந்தாவதாக ஒரு பெயரையும் சேர்த்துச் சொன்னேன். அம்மாவின் காதில் விழுந்திருக்கும். மேசைவிரிப்பைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டாள்.

இன்று மாலை அவள் வீட்டில்தான் இருப்பாள்.

உன் அப்பா,
அவிக்தோர்