எண்ணெய் காய்ந்த வேடியப்பன்

என் தங்கையைக் கட்டிக்கொண்டு போன கையோடு என்னையும் கல்லுக்குக் கட்டி வைத்துவிட்டுப் போன அருமை மாப்பிள்ளை சுடலைமுத்துவுக்கு,

அங்கே சௌக்கியமா என்று கேட்க மனசு வரவில்லை. இங்கே யாரும் சௌக்கியமாக இல்லை. மஞ்சுளா ஓசூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, பாப்பாவோடு சூளகிரிக்கு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். காலையில் பஸ் பிடித்துக் கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். சாயங்காலம் வந்து என்னோடு ரெண்டு வார்த்தை பேசுவாள், அதில் ஒன்று சண்டையாக இருக்கும். சண்டை போடும்போதுதான் பழைய மஞ்சுளாவாகத் தெரிகிறாள், அதனால் நானும் விட்டுக்கொடுப்பதில்லை.

நம் வரலாற்றுக் குழு உங்கள் முதலாண்டு நினைவுக்கு மலர் போடுகிறது. ஆளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டுமாம். நம் தலைவர், ரிடையர்டு ஹெட்மாஸ்டர், “மாதப்பன், நல்லதா எழுதுங்க” என்று போனில் சொன்னார். நல்லதை எல்லாரும் எழுதிவிடுவார்கள். எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது மாப்பிள்ளை, அதைத்தான் எழுதப்போகிறேன். தலைவர் வெட்டிவிட்டால் வெட்டட்டும்.

நீங்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஓசூர் கம்பெனிக்கு வந்த ஆள். எனக்குத் தக்காளியும் மாங்காயும்தான் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி வேண்டும் என்று கேட்டீர்கள். தங்கை வீட்டுக்காரர் கேட்கிறாரே என்று பிக்கப்பைக் கொண்டுவந்தேன். அதோடு என் ஞாயிறுகள் எல்லாம் போயின. தலைவர் முன்சீட்டில், நீங்களும் மற்றவர்களும் தக்காளிப் பெட்டி அடுக்கும் இடத்தில். பேரிகை, மாலூர் ரோடு, எல்லை தாண்டி அந்தப்பக்கம் என்று, நடுகல் இருக்கிறதாகக் காற்றில் சேதி வந்தால் போதும், கிளம்பிவிடுவீர்கள். ஊர்க்காரர்களிடம் தெலுங்கிலும் கன்னடத்திலும் பேச நான் வேண்டும். உங்கள் தமிழே பாதிப் பேருக்குப் புரியாது, அதற்கும் நான்தான் மொழிபெயர்ப்பு.

கல்லைக் கழுவுவதற்கு நம் குழுவில் ‘குளிப்பாட்டு’ என்று பேர் வைத்திருந்தோம். சீயக்காயும் வெந்நீரும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்ப்பது. எழுத்துப் பள்ளத்தில் மைதா மாவைத் தடவி வழித்தால் வட்டெழுத்து வெள்ளையாக மேலே வரும். நீங்கள் கல்லின் முன் குப்புறப் படுத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, தலைவர் எழுதிக்கொள்வார். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்த ஆள் என்று யாரும் நம்ப மாட்டார்கள். அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் கொஞ்சம் தணிகிறது. தணியக் கூடாது, மேலே எழுதுகிறேன்.

பேரிகையைத் தாண்டி அந்த ஊர். பேரை எழுத வேண்டாம் என்று குழுவில் முடிவு செய்திருக்கிறோம். புளியந்தோப்புக்குள், ஊர் வேடியப்பன் என்று சாமியாகக் கும்பிட்ட கல். எண்ணெயும் மஞ்சளும் ஒரு விரற்கடை கனத்துக்கு ஏறி, வேட்டி கட்டி, வெள்ளிக் கண்மலர் ஒட்டி, கையில் வில்லும் வாளும் இருப்பதே தெரியாமல் நின்றார். போர்வெல் போடுவதற்கு முன் அவரைக் கேட்பார்கள். மாடு கன்று போட்டால் முதல் பால் அவருக்கு. அந்தத் தோப்பில் ஒரு சுள்ளி ஒடிக்க மாட்டார்கள். தோப்பு நாலு வீட்டுக்குப் பாத்தியப்பட்ட பட்டா நிலம்தான், ஆனால் நாலு வீடும் அதைத் தங்களுடையது என்று பேசி நான் கேட்டதில்லை.

சாமியைக் கழுவ ஊரில் ஒப்பவில்லை. நாலு வீட்டுக்கும் பெரியவரான முனிரத்தினம் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். நான்தான் திரும்பத் திரும்பப் போய்த் தெலுங்கில் பேசிக் கரைத்தேன். உங்கள் ஊரின் பெருமை உலகத்துக்குத் தெரியும் என்று நீங்கள் சொல்லச் சொன்னதை எல்லாம் சொன்னேன். கடைசியில் சரி என்றார். கண்மலரைக் கழற்றி ஒரு தாம்பாளத்தில் வைத்தோம். குளிப்பாட்டினோம்.

எழுத்து வந்தது. இந்த ஊர் மாட்டு மந்தையை மீட்கப் போய்ச் செத்தவன், பேர் சாத்தன். அவ்வளவுதான் கல்லில். நீங்கள் அழுதுவிட்டீர்கள். நானும்தான்.

பிறகு நம் வழக்கப்படி ஊரைக் கூட்டினோம். ஷாமியானா, மைக், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஆட்டம், பத்திரிகைக்காரர்கள். நீங்கள் தமிழில் பேச, நான் தெலுங்கில் சொன்னேன். இது வேடியப்பன் இல்லை, அதெல்லாம் பின்னால் வந்த கதை, இவர் உங்களுக்காக உயிரை விட்ட ஒரு மனுஷர் என்று நீங்கள் சொன்னீர்கள். ஊரே கை தட்டியது. முனிரத்தினம் மட்டும் எழுந்து நின்று, தெலுங்கை விட்டுவிட்டு உங்களிடம் தமிழிலேயே கேட்டார்.

“அப்போ இது சாவுக்கல்லாங்க?”

உங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! ஒரு விவசாயி இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டாரே என்று மேடையை விட்டிறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஆமாம் அய்யா, அதேதான் என்றீர்கள். கல்லுக்குப் பக்கத்தில் பலகையும் நட்டோம். போரில் இறந்தவனின் நினைவுக்கல் என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதினோம். கன்னட வரியை நானே சொல்லி எழுத வைத்தேன்.

அந்த வருஷம் கிடா வெட்டவில்லை. யாரும் சண்டைக்கு வரவில்லை, யாரும் நம்மைத் திட்டவில்லை. மாசமாக இருந்த பெண்களை அந்தப்பக்கம் விடவில்லை, அவ்வளவுதான். செத்தவன் கல்லுக்கு முதல் பாலை எப்படி ஊற்றுவது என்று ஒரு வீட்டில் நிறுத்தினார்கள், மற்ற வீடுகளிலும் நின்றது. கண்மலரை மாரியம்மன் கோயிலில் கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை, உங்கள் ஊர்ப்பக்கம் வெட்டுப்பட்டுச் செத்தவனெல்லாம் சாமிதானே? பீடம் போட்டுப் படையல் வைத்துக் கும்பிடுகிற ஜனத்தில் பிறந்த நீங்கள், அதை இவர்களிடம் ஏன் சொல்லவில்லை? மைக்கில் அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தெலுங்கில் சொல்லியிருக்க மாட்டேனா? இதைத்தான் நான் உங்களோடு சண்டை போட வைத்திருந்தேன். அதற்குள் போய்விட்டீர்கள்.

உங்களுக்கும் உறுத்தியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். கடைசியாக நாம் அங்கே போய்வந்த அன்று வண்டியில் தோப்புப் பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். ஓசூரில் இறங்கும்போது, “கல்லு காஞ்சு கெடக்கு மச்சான், பாத்தியளா? அத மட்டும் விட்டுராதீய” என்றீர்கள். அந்த வாரமே கம்பெனியில், கேண்டீன் மேஜை மேல் தலை சாய்ந்தீர்கள். தூங்குகிறார் என்று பக்கத்தில் இருந்தவர் எழுப்பவில்லையாம். ஞாயிறுகளில் தூங்கியிருந்தால் இருந்திருப்பீர்களோ என்று மஞ்சுளா இன்னும் கேட்கிறாள்.

நீங்கள் போன பிறகு, கம்பெனி குடோன் கட்ட இடம் பார்த்துக்கொண்டு எல்லைக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஆள் வந்தான். ரோட்டை ஒட்டி வாகான இடம் அந்தத் தோப்புதான். முன்னால் ஒருவன் கேட்டு வந்தபோது, சாமி நிலம் என்று அவனுக்குத் தண்ணிகூடக் கொடுக்காமல் அனுப்பியவர்கள் இந்த முறை நாற்காலி போட்டார்கள். சேதி தெரிந்து நான் ஓடினேன். முனிரத்தினம் என்னைத் திட்டவில்லை, உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்.

“சாமியா இருந்தா நாங்க கை வெப்பமா? எங்களுக்குச் சாமியாவே இருந்துச்சு. நாங்களா வந்து படிங்கன்னு கேட்டம்?”

நான் மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

குழு மனுக் கொடுத்தது. தலைவர் வயசான காலத்தில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். கல்லை எடுத்துப் பத்திரமான இடத்தில் வைக்கிறோம், ஆள் வரும் என்றார்கள். ஆள் வருவதற்கு முன்னால் தோப்பில் ஜேசிபி இறங்கியது. தக்காளி ஏற்ற வரும் பையன் போன் செய்து சொன்னான். நான் பேரிகைக் கடையில் மஞ்சள் தூள், குங்குமம், எலுமிச்சம்பழம், கற்பூரம், நல்லெண்ணெய், ஒரு மஞ்சள் துணி வாங்கிக்கொண்டு பறந்தேன். சிரிக்காதீர்கள். எனக்கு வேறு என்ன தோன்றும்?

புளியமரம் பாதி சாய்ந்திருந்தது. நான் நேராகக் கல்லிடம் போய், நாம் அத்தனை பாடுபட்டுப் படித்த எழுத்தின் மேல் எண்ணெயை ஊற்றி மஞ்சளை அப்பினேன். ஒரு எழுத்தும் தெரியக் கூடாது என்று அப்பினேன். துணியைச் சுற்றிக் கற்பூரம் ஏற்றினேன். ஜேசிபி ஓட்டுகிற பையன் வடக்கத்தி ஆள், தமிழ் தெரியாது. ஆனால் கற்பூரம் தெரியும். இன்ஜினை அணைத்தான். இறங்கி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கும்பிட்டான். எனக்கு உயிர் வந்தது மாப்பிள்ளை. வாயில் வந்த சாமி பேரெல்லாம் சொல்லிக்கொண்டு நின்றேன்.

அதற்குள் மேஸ்திரி வந்தான், கன்னடக்காரன். அவனும் தயங்கித்தான் நின்றான். பின்னால் முனிரத்தினம் வந்தார். பயப்பட ஒன்றுமில்லை என்று மேஸ்திரியிடம் கன்னடத்தில் சொன்னார். இது சாமி இல்லை, செத்த ஆளின் கல், படித்தவர்கள் வந்து படித்துச் சொல்லியிருக்கிறார்கள், இதோ நிற்கிறாரே இவரே ஊரைக் கூட்டி மைக்கில் சொன்னவர்தான் என்றார். நம் பலகையைக் காட்டினார். மேஸ்திரி அதை வாய்விட்டுப் படித்தான். நான் சொல்லி எழுதிய கன்னடம், பிழையில்லாமல் இருந்தது.

மேஸ்திரி இந்தியில் ஏதோ சொன்னான். பையன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டான்.

கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்று நின்றதாக எழுத ஆசைதான். நிற்கவில்லை. ஒதுங்கினேன். கல் இடுப்போடு முறிந்தது. மேல்பாதியாவது வண்டியில் ஏற்றலாம் என்று போனேன், அதற்குள் மண்ணோடு சேர்த்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள். இப்போது அதன் மேல் கான்கிரீட் தளம். லாரிகள் நிற்கின்றன. அந்த ஊர்ப் பிள்ளைகள் அங்கே செக்யூரிட்டி வேலைக்குப் போகிறார்கள். முனிரத்தினம் என்னைக் கண்டால் இப்போதும் நின்று பேசிவிட்டுத்தான் போகிறார். அவர் பேரில் எனக்கு வருத்தம் இல்லை.

உங்கள் பேரில் இருக்கிறது. அதைவிட, சந்தோஷத்தில் எதிரே இருக்கிறவன் முகத்தைப் பார்க்காமல் போனோமே நாம் எல்லாரும், அதுதான் ஆறவில்லை. படித்தது தப்பா? தப்பில்லை என்கிறார் தலைவர், உண்மை தெரிய வேண்டாமா என்கிறார். தெரியத்தான் வேண்டும். ஆனால் சாத்தன் என்று ஒருவன் இருந்தது இத்தனை நூற்றாண்டாக யாருக்கும் தெரியாது, கல் நின்றது. நமக்குத் தெரிந்தது, கல் போயிற்று. இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்? உங்கள் பதிலைக் கேட்காமல் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

இன்னொரு சேதி. மலரோடு சேர்த்து உங்களுக்கு ஒரு நினைவுக்கல் நட வேண்டும் என்று குழுவில் தீர்மானம். பேர், ஊர், பிறப்பு, இறப்பு, செய்த தொண்டு எல்லாம் வெட்டி, சூளகிரியில் ரோட்டோரமாக. எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. ஆனால் முடியாது என்று சொல்லிவிட்டேன். கல் என் மாந்தோப்பில்தான், எழுத்து ஒன்றும் கூடாது என்றேன். தலைவர் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார். மஞ்சுளா ராத்திரிச் சாப்பாட்டில் கை வைக்காமல் கேட்டாள்.

“பேரு இல்லன்னா யாருன்னு எப்டிண்ணா தெரியும்?”

“தெரிய வேணாம் கண்ணு. தெரிஞ்சா எடுத்துடுவாங்க.”

அவள் சோற்றைப் பிசைந்தாள். பிறகு, மஞ்சள் நான் அரைத்துத் தருகிறேன் என்றாள்.

போன வெள்ளிக்கிழமை நட்டுவிட்டோம். என் நிலத்தையும் கேட்டு ஆள் வருகிறான், எனக்குப் பின்னால் என் பிள்ளைகள் என்ன செய்வார்களோ தெரியாது. அதனால் அன்றே எண்ணெயும் மஞ்சளும் பூசத் தொடங்கிவிட்டேன். பக்கத்து நிலத்துக்காரர்கள் வந்து பார்த்தார்கள், ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். கோபமெல்லாம் எழுதித் தீர்ந்துவிட்டது மாப்பிள்ளை, இனி வாக்கு ஒன்றுதான் பாக்கி. நான் இருக்கும்வரை உங்கள் மேல் எண்ணெய் காயாது. தமிழில் கேட்டாலும், தெலுங்கில் கேட்டாலும், கன்னடத்தில் கேட்டாலும், நீங்கள் யார் என்று கேட்கிறவனுக்குச் சாமி என்றுதான் சொல்வேன்.

உங்கள் பாஷையை ஊருக்குச் சொன்னவன்,
மஞ்சுளாவின் அண்ணன், உங்கள் மச்சான்
மாதப்பன்