அக்கி வந்த வீடு

மார்ச் 3
இடது இடுப்பில் எரிச்சல், கொப்புளம். பத்து மாத மலர் ஏறி உட்காரும் இடம். நாடா உரசலாக இருக்கும் — இருக்கும்தானே? வீட்டுக்காரர் கிஷோர் பயிற்சிக்குப் புனே போயிருக்கிறார், மாசக் கடைசியில்தான் வருவார். ஆபீஸில் புது சாஃப்ட்வேர் ரிலீஸ். சமாளிப்பேன்.

மார்ச் 4
அக்கியாம். சின்ன வயதில் வந்த அம்மையின் கிருமி நரம்புக்குள் தூங்கிக்கொண்டிருக்குமாம். எதிர்ப்பு சக்தி குறைந்தால் எழுந்துகொள்ளுமாம். டாக்டர் சாந்தகுமாரி கேட்டார்: "ஒழுங்கா தூங்குறீங்களா? வேலை டென்ஷனா? ஒத்தாசைக்கு யாரு?" மூன்றுக்கும் சேர்த்து ஒரே சிரிப்பு சிரித்துவைத்தேன்.
மலருக்குத் தடுப்பூசி வயது இன்னும் வரவில்லை. கொப்புளத்தை மூடி வைக்கணும், அவள் கை படக்கூடாது. என்னால அவளுக்கு அம்மை போட்டுட்டா? இடுப்புல ஏறத் துடிக்கிற புள்ளைய ஒத்தையா எப்படி —

மார்ச் 5
ஐயோ, சிரித்துச் சிரித்து விலாவும் வலிக்கிறது!
வெட்கத்தை விட்டு, ஜீவனஹள்ளி கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் என் இரண்டு வருஷக் கன்னடத்தில் எழுதினேன்: "அக்கி பந்திதே. மகு இதே. ஸ்வல்ப ஹெல்ப் பேக்கு." அக்கி வந்திருக்கு, குழந்தை இருக்கு, கொஞ்சம் உதவி வேணும்.
பத்தே நிமிடம். கீழ்வீட்டு ஷில்பா, எதிர்வீட்டு டோரீன் ஆன்ட்டி, தோளில் துண்டோடு அவர் வீட்டுக்காரர் லாயிட் அங்கிள்.
"மூட்டை எங்கம்மா? எத்தினி கிலோ?"
"என்ன மூட்டை அங்கிள்?"
"அக்கி வந்துச்சுன்னியே!"
கன்னடத்தில் அக்கி என்றால் அரிசி. தெரியும்! தினம் கடையில் சொல்கிற வார்த்தை!
இடுப்பைக் காட்டிச் சொன்னேன். ஷில்பா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு அக்கியின் கன்னடப் பெயரைச் சொல்லி, "சர்ப்ப சுத்தா? ஏன் அக்கா முன்னாடியே சொல்லல?" என்று மலரைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.
"நீ போய்ப் படு," என்றார் டோரீன் ஆன்ட்டி. "இவரு மூட்டை தூக்க வந்தாரு, பாத்திரமாவது கழுவட்டும்."

மார்ச் 6
தூங்கினேன். பட்டப்பகலில்!

மார்ச் 9
மேனேஜர் ரகுவிடம், மாத்திரை முடியும்வரை லீவு என்றேன்.
"அப்போ ரிலீஸ்?"
"அதுக்கு எதிர்ப்பு சக்தி ஜாஸ்தி ரகு, தாங்கும்."
நானா பேசினேன்!

மார்ச் 12
எல்லாம் பொருக்குத் தட்டிவிட்டது. "மாத்திரை வேலை செஞ்சிருக்கு. தூக்கமும் கை கொடுத்திருக்கும். குழந்தையை மட்டும் இன்னும் இருபத்தோரு நாள் பாருங்க," என்றார் டாக்டர்.

ஏப்ரல் 3
இருபத்தோரு நாள் முடிந்தது. ஊர் திரும்பிவிட்ட கிஷோரும் நானுமாக மலரைத் தலைமுதல் கால்வரை தேடினோம். ஒரு கொசுக்கடி. அவ்வளவே!
ஷில்பாவுக்குச் சளிக் காய்ச்சல். அவள் வாய்திறந்து கேட்கவில்லை. நானே இறங்கிப் போய் அவள் மகள் ரக்ஷிதாவைத் தூக்கிவந்துவிட்டேன். இரண்டும் ஒரே பாயில், கால்மேல் கால். எழுத இன்னும் இருக்கிறது. தூக்கம் வருகிறது.