மஞ்சள் நிறத்தில் இருந்த தெரு

உன் வீட்டிலிருந்து மாம்பழக் கூழ் வாடை வருகிறது.

காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். எதிரே உன் வீட்டு வாசலில் லாரி. ஒருவர் நீல டிரம்களை மேலிருந்து சரித்து இறக்க, இன்னொருவர் உள்ளே உருட்டிக்கொண்டு போனார். உன் தேக்குக் கதவைக் கழற்றி, சுவரை இரண்டு பக்கமும் இடித்து, இரும்பு ஷட்டர் போட்டிருக்கிறார்கள். ஏதோ ஒரு டிரம்மின் மூடி சரியில்லை. கூழ் ஒழுகி, நீ விளக்கு வைக்கும் மூலை வரைக்கும் ஓடியிருந்தது. அதன்மேல் ஈ. வெயில் ஏற ஏற அந்தப் புளித்த தித்திப்பு தெரு முழுக்கப் பரவியது. ஜன்னலைச் சாத்தினேன். சாத்தினால் மட்டும் நிற்கிற வாடையா அது?

நீ போய் இரண்டு மாம்பழ சீசன் ஆகிறது. உன்னிடம் சொல்ல வேண்டியதை இந்தத் தெருவில் வேறு யாரிடம் சொன்னாலும், "உடுக்கா, ஊரு முன்னேறுது" என்கிறார்கள். அதனால் உனக்கே எழுதுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன். முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ குடிபாலாவிலிருந்து கல்யாணமாகி எதிர்வீட்டுக்கு வந்தபோது சித்தூரில் இது சாதாரண வீட்டுத் தெரு. உன் வீட்டுக்காரர் வேலூர் பஸ்ஸில் கண்டக்டர். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். தெருக்கோடியில் இருந்த பழைய வேர்க்கடலை குடோனை ஒருவர் வாங்கி, மாம்பழக் கூழ் ஃபேக்டரி ஆக்கியது பிறகுதான். முதல் வருஷம் நாம் சந்தோஷப்பட்டோம், நினைவிருக்கிறதா? அடிபட்ட பழத்தைச் சும்மா கொடுத்தார்கள் என்று கூடை கூடையாக வாங்கினோம். அடுத்த வருஷம் பாய்லர் புகைக்கரி காயப்போட்ட துணியில் விழுந்தது. அதற்கடுத்த வருஷம் தோலும் கொட்டையும் கால்வாயில் அடைத்து, அழுகிய தண்ணீர் நம் வாசலுக்கு வந்தது. சீசன் வந்தால் ஃபேக்டரி கேட்டிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் லாரியும் டிராக்டருமாக நிற்கும். நடுவில் சைக்கிள் நுழையாது.

அப்படி ஒரு நாளில்தான் என் மகள் கீதாவுக்கு வலி எடுத்தது. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். 108 வண்டி மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். நீ வந்து லாரி டிரைவரிடம், "பண்டி தீயண்டி" என்று, வண்டியை எடுங்கள் என்று தெலுங்கில் கத்தினாய். அவன் முன்னும் பின்னும் கையைக் காட்டினான். அவன்மேல் குற்றமில்லை, எங்கே எடுப்பான்? நீ யோசிக்கவே இல்லை. கீதாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, லாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் பின்பக்கமாகவே நடக்க ஆரம்பித்தாய். கீழே பழச்சாறு வழுக்குகிறது. அவள் வலியில் உன் தோளைக் கடிக்கிறாள்.

"என் மொகத்தைப் பாரு கீதா. கீழ பாக்காத. நான் கீறேன், வா."

அதையே சொல்லிக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் போனாய். குழந்தை ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்னாலேயே, அந்த வண்டியிலேயே பிறந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இந்தத் தெருவிலேயே, இரண்டு லாரிச் சக்கரத்துக்கு நடுவில் பிறந்திருக்கும்.

குழந்தைக்குப் பெயர் வைத்த மறுநாள் நீ என்னை இழுத்துக்கொண்டு டவுன் பிளானிங் ஆபீஸுக்குப் போனாய். அங்கே ஒரு அதிகாரி, நாம் தொல்லை தாங்காமல் போகட்டும் என்றோ என்னவோ, சுவரில் மாட்டியிருந்த நகர வரைபடத்தைக் காட்டினார். வீடுகள் மட்டுமே இருக்க வேண்டிய இடத்துக்கு மஞ்சள், ஃபேக்டரிக்கு ஊதா, கடைகளுக்கு நீலம் என்று விளக்கினார். நீ விரலால் தேடி நம் தெருவைக் கண்டுபிடித்தாய்.

"எங்க தெரு மஞ்சக் கலர்ல கீதே சார். அப்ப ஃபேக்டரி எப்டி வந்துச்சி?"

அவர் மேஜைக்குத் திரும்பி ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார். அன்றிலிருந்து நீ அந்த ஒரு கேள்வியை விடவே இல்லை. எந்த ஆபீஸுக்குப் போனாலும் அதுதான். "நாங்க புதுசா ஒன்னும் கேக்கல சார். நீங்களே மஞ்சள்னு போட்டு வெச்சிக்கிறீங்க. அதும்படி நடங்க." ஃபேக்டரிக்காரர் ஆள் அனுப்பினார். தெருவில் பாதிப் பேர் உன்னோடு பேச்சை நிறுத்தினார்கள். உன் வீட்டுக்காரர்கூட, "எனக்கு டூட்டில ஒரே மானக்கேடா கீது, உட்டுடு" என்றார். நீ விடவில்லை. கடைசியில் ஃபேக்டரி ஊருக்கு வெளியே போனது. கேட்டுக்குப் பூட்டுப் போட்ட அன்று பெரிதாக ஒன்றும் செய்யவில்லை நீ. வெள்ளை வேட்டிகளாக எடுத்துத் துவைத்து மாடி முழுக்கக் காயப்போட்டாய். மேலேயிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

உன் வீட்டுக்காரர் போனபிறகு உன் பிள்ளை முரளி உன்னைத் திருப்பதிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். அவன் அங்கே வீடு, மனை வாங்கி விற்கும் தொழிலில் இருந்தான். ஒருநாள் போனில் சொன்னாய்: "இங்க ஜன்னலைத் தொறந்தா லாட்ஜி செவுருதான்க்கா. பக்கத்துல, எதுருல, எல்லாம் லாட்ஜி. ஊட்டுக்காரங்கன்னு நாங்க மட்டும்தான் கீறோம். யாரும் யாரையும் தெரிஞ்சிக்கல." அங்கேயும் முன்பு வீடுகள்தான் இருந்தனவாம். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார்களாம். "நம்ம தெருவ பாத்துக்கோ" என்றாய். நான் சரி என்றேன். பிறகு காய்ச்சல் வந்தது, மூச்சு முட்டியது, நீ போய்விட்டாய். நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது முரளி என் தோளில் சாய்ந்து குழந்தைபோல அழுதான். அந்த முகம் என் கண்ணிலேயே இருந்ததால்தான், பின்னால் நடந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

போன வருஷம் பக்கத்து வீட்டு சரோஜா ஒரு தெலுங்குப் பேப்பரைக் கொண்டுவந்து காட்டினாள். நகரத்தின் சில தெருக்களை வீட்டுப் பகுதியிலிருந்து கலப்புப் பகுதியாக மாற்றப் போகிறார்களாம். வீடும் இருக்கலாம், கடையும் குடோனும் சிறு ஃபேக்டரியும் இருக்கலாம். நம் தெருவும் அதில் இருந்தது. ஆட்சேபம் இருந்தால் கூட்டத்துக்கு வந்து சொல்லலாம் என்று போட்டிருந்தது. அன்று சாயங்காலமே முரளி போன் செய்தான்.

"பெரிம்மா, நல்ல சேதி தெரியுமா? நம்ம தெருவ மாத்தறாங்க. எல்லார் எடத்துக்கும் கிராக்கி வந்துடும்."

"உங்கம்மா அந்த ஃபேக்டரிய எப்டி வெளிய அனுப்பிச்சான்னு தெரியும் இல்ல உனக்கு?"

"அது அப்போ பெரிம்மா. இப்போ காலம் மாறிப்போச்சி."

கூட்டத்துக்குப் போனேன். தெருவிலிருந்து பலர் வந்திருந்தார்கள். போகும் வழியில் எல்லோரும் புலம்பினார்கள். உள்ளே போய் உட்கார்ந்ததும் வாய் மூடிக்கொண்டார்கள். சரோஜாவின் பிள்ளைக்கு அந்த ஃபேக்டரிக்காரரின் ஆபீஸில்தான் வேலை. அவள் என் கண்ணைப் பார்க்கவே இல்லை. அதிகாரி ஒரு இளம் பெண். "எவரைனா செப்பண்டி" என்று, யாராவது பேசுங்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டார். முதலில் எழுந்தது முரளி. நல்ல சட்டை, நல்ல தெலுங்கு. அந்தத் தெருவுக்காகத் தன் அம்மா எவ்வளவு பாடுபட்டார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும் என்று ஆரம்பித்தான். அம்மா எப்போதும் கேட்டது டெவலப்மென்ட்தான், இன்று இருந்திருந்தால் முதல் ஆளாகச் சம்மதம் சொல்லியிருப்பார் என்றான். சிலர் கை தட்டினார்கள்.

கைதட்டல் ஓயும் முன்னாலேயே நான் எழுந்தேன். தெலுங்கில் ஆரம்பித்தேன், பாதியில் தமிழ்தான் வந்தது.

"அம்மா, இவன் சொல்றது பொய். இவன் பெத்தவ டெவலப்மென்ட் கேக்கல. புள்ளத்தாச்சி ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு வழி கேட்டா. அந்தப் புள்ளத்தாச்சி என் பொண்ணு. லாரிக்கும் செவுருக்கும் நடுவுல கையைப் புடிச்சி இட்டுக்கினு போனவ இவன் அம்மா. அப்ப இவனும்தான் அந்த ஊட்ல இருந்தான். மறந்துட்டானாம். தெரு அன்னிக்கு இருந்த அகலம்தான் இன்னிக்கும். அதுல ஒரு அடிகூட டெவலப் ஆவல."

அதிகாரி குனிந்து எழுதிக்கொண்டார். அந்தக் கூடத்தில் எனக்குப் பிறகு ஒருவர்கூட எழவில்லை.

வெளியே படியில் முரளி என் பின்னாலேயே வந்தான். "எல்லார் முன்னாலயும் என்னை இப்டிப் பேசிட்டீங்களே பெரிம்மா. ஊடு பூட்டிக் கெடக்குது. ஒழுவுது. குடித்தனத்துக்கு யாரும் வரல. நான் இன்னா பண்றது?"

"வித்துடு. ஊட்டை வித்துட்டுப் போ, எனக்கொன்னும் இல்ல. உங்கம்மா பேரை இட்டுக்கினு வந்து விக்காத."

அவன் கண் கலங்கியது. நான் இரக்கப்படவில்லை. இப்போதும் படவில்லை. நீ இருந்திருந்தால் அவனை அடித்துவிட்டுப் பிறகு சோறு போட்டிருப்பாய். எனக்கு அந்த உரிமை இல்லை. கோபம் மட்டும்தான் இருக்கிறது.

உத்தரவு வந்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? தெருவை நீளவாக்கில் பாதியாகப் பிளந்துவிட்டார்கள். ஆட்சேபம் சொன்ன என் வீடு இருக்கும் மேற்கு வரிசை மஞ்சளாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். உன் வீடும் பழைய ஃபேக்டரியும் இருக்கும் கிழக்கு வரிசை கலப்புப் பகுதி. அந்த உத்தரவை வைத்துத்தான் முரளி உன் வீட்டை அதே ஃபேக்டரிக்காரருக்குக் கூழ் குடோனாகக் கொடுத்திருக்கிறான். இரண்டு தரப்புக்கும் நியாயம் செய்துவிட்டார்களாம். புது வரைபடத்தைப் போய்ப் பார்த்தேன். மஞ்சளுக்கும் கலப்புப் பகுதியின் ஆரஞ்சுக்கும் நடுவில் கோடு, சரியாகத் தெருவின் நடுவே போகிறது. எதிரெதிராக இரண்டு ஆட்டோ வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டிய தெரு அது. அந்தக் கோட்டைப் பார்த்துப் புகை கிழக்கிலேயே நின்றுவிடுமா? அழுகிய தண்ணீர் நடுத்தெருவில் திரும்பிப் போய்விடுமா? அங்கே இருந்தவரிடம் கேட்டேன். "மீதி அப்பீலில் சொல்லுங்கள்" என்றார்.

எல்லோரும் சேர்ந்து எதிர்த்திருந்தால் கோடே விழுந்திருக்காது என்பதுதான் என்னைப் போட்டு அரிக்கிறது. உன்மேலும் கோபம்தான். தெருவைப் பார்த்துக்கொள் என்று போனிலே சொல்லிவிட்டுப் போய்விட்டாய். எனக்கு உன்னைப்போல் ஆபீஸில் பேசத் தெரியுமா? பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவள்தானே நான்?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் பெரிய சத்தம் கேட்டு எழுந்து போனேன். டிரம் இறக்கிவிட்டுப் பின்பக்கமாக வந்த லாரி சரோஜா வீட்டு முன்சுவரை இடித்துத் தள்ளிவிட்டது. குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சுகிறது. டிரைவர், "சின்னத் தெரும்மா, நான் இன்னா பண்றது" என்கிறான். சரோஜா இடிந்த செங்கல் நடுவில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அப்போதுதான் அவள் கண் என்னைப் பார்த்தது.

"அக்கா, அப்பீலு போடறேன்னு சொன்னியே. எப்ப போற?"

"அன்னிக்குக் கூட்டத்துல வாய் எங்க போச்சி உனக்கு?"

அவள் பிள்ளையின் வேலையை நினைத்தாளோ என்னவோ, குனிந்து இரண்டு செங்கல்லை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, "நானும் வர்றேன்" என்றாள்.

உனக்காக அழுததெல்லாம் திருப்பதியிலேயே முடிந்துவிட்டது. என்னோடு இருப்பது இந்தக் கோபம்தான். கீதா போனில், "பிரஷர் ஏறும்மா, விட்டுடேன்" என்கிறாள். மாத்திரை போட்டுக்கொள்கிறேன், விடுவதாக இல்லை. திங்கட்கிழமை காலை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிறார்கள். சரோஜாவை சீக்கிரம் கிளம்பி நிற்கச் சொல்லியிருக்கிறேன். வரவில்லை என்றால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன்.