உம் கொட்ட ஆள் வேண்டும், அஞ்சலை

என் பிரியமுள்ள அஞ்சலைக்கு,

இதை நானேதான் எழுதுகிறேன். சிரிக்காதே. கைநாட்டு வைத்த அதே கட்டை விரல்தான் இப்போது பேனாவைப் பிடித்திருக்கிறது. நீ போன பிறகு, பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடக்கும் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறினால் என்ன? வரி நிற்கிறதே!

நம் பேத்தி சங்கீதா இப்போது காலேஜில் படிக்கிறாள். "பல்கலைக்கழகத்துல நடக்கிற இலக்கிய விழாவுக்குப் பசங்க ஏன் போவணும்னு எங்க காலேஜ் மலருக்கு எழுதிக் குடு தாத்தா" என்றாள். பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல எனக்கு வராது. உன்னிடம் சொல்கிறேன். அவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

எழுத்துக் கூட்டிப் படித்த வரைக்கும் எனக்கு என் குரல்தான் கேட்டது. வாயைத் திறக்காமல் படிக்க வந்த அன்று வேறு குரல் கேட்டது. பஸ் போர்டில் திருப்புலிவனம் என்று பார்த்தேன். உன் தாய்வீட்டு ஊரை உள்ளே இருந்து நீ சொன்னாய். பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன். அதற்குப் பிறகு உரமூட்டை, ரேஷன் கடைப் பலகை, பேப்பர், எதைப் படித்தாலும் உன் குரல். செத்தவர்கள் எழுத்துக்குள் போய்க் குடியிருப்பார்களா? படித்தவர்களுக்கெல்லாம் இது தெரியுமா? தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறார்களா?

உன் குரல் கேட்டால் என் வாய் சும்மா இருக்காது. நடவில் நீ கதை சொல்லிக்கொண்டே நாற்று ஊன்றுவாய். நான் வரப்பில் நாற்று முடி சுமந்தபடி உம் கொட்டுவேன். கொஞ்சம் அசந்தால் போதும், "யோவ், உம் கொட்டுய்யா. நான் இன்னா சேத்தாண்டயா பேசிக்கினு கீறேன்?" என்பாய். அந்தப் பழக்கத்தில் பேப்பர் படிக்கும்போதும் உம் கொட்டிவிடுகிறேன். மருமகள் பயந்துபோனாள்.

"மாமா, யாராண்ட பேசிக்கினு கீறீங்க?"

"பேப்பராண்டம்மா."

"பேப்பருக்கு இன்னாத்துக்கு உம்மு? வேப்பிலை அடிக்கணும் போல கீதே!"

விழாவுக்குப் போக வேண்டும் என்று சங்கீதா கேட்டபோது நம் மகன் ஒத்துக்கொள்ளவில்லை. "கதை கேக்க மெட்ராஸ் வரைக்கும் போவணுமா? போன்லயே எல்லாம் வருதே."

"போன்ல நான் கேக்கறது அவங்களுக்குத் தெரியாதுப்பா. நேர்ல போனா, எதிர்ல நான் ஒருத்தி கீறேன்னு தெரியும்."

கடைசியில் என்னைக் காட்டி, "நைனாவும் கூட வந்தா போ" என்றான்.

எழுதினவர்களே வந்து வாசிப்பார்களாம். அந்தக் குரல் ஏறி, உன் குரல் இறங்கிவிட்டால்? நீ போனதை ஒரு முறை பார்த்தவன் நான். இன்னொரு முறை பார்க்கத் தெம்பில்லை. வயிற்றுவலி என்று படுத்துவிட நினைத்தேன். சங்கீதா என் சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை. போனேன்.

பெரிய மண்டபம். உள்ளே மார்கழி மாதிரி குளிர். ஓர் எழுத்தாளர் அம்மா, ஏரி வற்றிய வருஷம் எருமையைத் தேடிப் போகும் பெண்ணின் கதையை வாசித்தார். ஒரு வரியில் நிறுத்தி மூச்சு வாங்கினார். நான் "உம்" என்றேன். மண்டபம் முழுக்கக் கேட்டது.

முன்னால் இருந்த பையன் திரும்பி, "தாத்தா, சைலன்ட்ல போடு" என்றான். சங்கீதா கிள்ளினாள். "கம்முனு இரு தாத்தா, மானம் போவுது." அடுத்த நிறுத்தம் வந்தது. மறுபடியும் உம். வாய் தானாகப் போனால் நான் என்ன செய்வேன்?

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "யாரு உம் கொட்டினது?"

எழுந்து கும்பிட்டேன். "நான்தாம்மா. பயக்கம் ஆயிப்போச்சி."

"உட்கார்ந்து கொட்டுங்க ஐயா. இனிமேதான் அவ தனியா ஏரிக்குள்ள இறங்கப் போறா. எனக்கும் துணை வேணும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். கேலிக்கு நாலைந்து பேர் உம் போட்டார்கள். எங்கோ சேற்றில் எருமையின் கழுத்துமணி கேட்கிற இடம் வந்தபோது கேலி நின்றுவிட்டது, உம் நிற்கவில்லை. அந்த இடத்தோடு நிறுத்தி, மீதியைப் புத்தகத்தில் படியுங்கள் என்றார்.

கேள்வி கேட்கலாம் என்றார்கள். நான் கையைத் தூக்கினேன். சங்கீதா திடுக்கிட்டுப் பார்த்தாள். "இந்தக் கதைய வூட்டுக்குப் போயி படிச்சா உங்க கொரலு வருமாம்மா, எம் பொஞ்சாதி கொரலு வருமா? அவ செத்துட்டா. நான் எத்த படிச்சாலும் அவதான் பேசறா."

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா கையிலிருந்த புத்தகத்தை மூடினார். "தெரியலையே ஐயா. என் குரல் வந்தா விரட்டி விட்டுடுங்க" என்றார். சங்கீதா என் கையைப் பிடித்தவள், பஸ் ஏறும் வரை விடவில்லை.

புத்தகத்தை அவளே வாங்கித் தந்தாள். நான் பயத்தில் அதை பீரோ மேல் போட்டுவைத்தேன். எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் போன மதியத்தில்தான் திறந்தேன். முதல் வரி. அந்த அம்மாவின் குரல். மூடினேன். திறந்தேன். அந்த அம்மாதான். நீ இல்லை.

கண்ணை மறைத்தது. ஆனாலும் கதை இழுத்தது. அந்த அம்மா மூச்சு வாங்கிய இடம் வந்தது. என் உதடு மூடியிருந்தது. வீட்டில் ஆள் இல்லை. என் தோளுக்குப் பக்கத்தில், "உம்" என்றாய்.

நான் திரும்பவில்லை. திரும்பினால் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று எனக்குத் தெரியும். அடுத்த வரிக்குப் போனேன்.

எதற்குப் போக வேண்டும் என்று கேட்கிற பிள்ளைகளுக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான். வாழ்நாளெல்லாம் நீ சொன்னாய், நான் கேட்டேன். அங்கே போய் வந்ததால்தான் உனக்குச் சொல்ல என்னிடமும் ஒரு கதை சேர்ந்தது.

எருமை கிடைத்ததா என்று இன்னும் படிக்கவில்லை. உன்னை விட்டுவிட்டுப் படிக்க மாட்டேன். அடுத்த வருஷமும் அந்த மண்டபத்துக்குப் போவேன். கூட்டம் எவ்வளவு இருந்தாலும், என் இடப்பக்கத்து நாற்காலியில் துண்டு போட்டு வைப்பேன்.

உன் வீட்டுக்காரன்,
சங்கீதாவின் தாத்தா,
முனுசாமி