கலங்கரை விளக்கத்துப் பூனை

அன்பு மகளுக்கு அப்பா சொல்லச் சொல்ல எழுதப்படும் கடிதம். நானும் உன் மகள் சில்வண்டும் சுகமாக இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியாக முனகிக்கொண்டிருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இந்த மனிதருக்கு ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், இல்லை கத்துவாய், இரண்டுக்கும் நடுவில் நான் சொல்ல வந்தது காற்றோடு போய்விடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். இதை எழுதுகிறவர் சில்வண்டின் ஐந்தாம் வகுப்பு டீச்சரம்மா. இன்று சனிக்கிழமை, பள்ளிக்கூடம் காலி. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு வார்த்தையும் மாற்றக் கூடாது என்பது பேச்சு.

விஷயத்துக்கு வருகிறேன். பயப்படாதே, காய்ச்சல் இல்லை, எங்கேயும் விழவும் இல்லை. உன் மகளுக்கு வாசிக்கத் தெரியாது. இந்த இடத்தில் டீச்சரம்மா பேனாவை நிறுத்திவிட்டு, இப்படிப் பட்டென்றா சொல்றது, கொஞ்சம் தடுமாறுறான்னு போடலாமே ஐயா என்கிறார். வேண்டாம், பட்டென்றே இருக்கட்டும். மார்க் அட்டையில் எண்பதும் தொண்ணூறும் பார்த்துவிட்டு நீ அங்கே பெரிய பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறாய், இன்னும் ஐந்து மாதத்தில் நுழைவுத் தேர்வு என்கிறாய். அதனால் உனக்கு இப்போதே தெரிய வேண்டும்.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேள். இந்த வருஷம் ஐந்தாம் வகுப்புக்குப் புதுச் சட்டம். தினமும் சாயங்காலம் வீட்டுப் பெரியவர் ஒருவருக்குப் பிள்ளை ஒரு பக்கம் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும், அவர் வாசிப்பு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். சம்பளம் வாங்குவதற்காக நான் படம் வரைவது போலப் பழகிய அந்த ஒரு கையெழுத்துக்கு வந்த யோகத்தைப் பார். சில்வண்டு நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தாள், கலங்கரை விளக்கத்தில் தனியாக இருக்கும் ஒரு காவல்காரன் கதை. திங்கள்கிழமை அவனிடம் ஒரு பூனை இருந்தது. புதன்கிழமை அதே பக்கத்தை மறுபடி வாசிக்கச் சொன்னேன், பூனை இரண்டாகிவிட்டது. அடுத்த வாரம் ஒரு பூனைக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி. என் ஞாபகம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். அச்சடித்த புத்தகம் நாளுக்கொரு பேச்சுப் பேசாது என்று அந்தப் புதன்கிழமையே பொறி தட்டியது. ஆனாலும் ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்றால் கதை நன்றாக இருந்தது, அந்தப் பூனை பிழைக்குமா என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

பிறகு ஒரு நாள், கடைசி வரியிலிருந்து மேலே வாசித்துக்கொண்டு வா என்றேன். தொண்டை வலிக்குது தாத்தா என்றாள். சரி, நடுவில் இந்த ஒரு வரி மட்டும் என்றேன். கண்ணு எரியுது, மிஸ் வேற அந்தப் பக்கம் வேண்டாம்னுட்டாங்க என்றாள். அம்மாடி, அத்தனையும் என் சரக்கு! உதிரிபாகக் கடையில் முந்நூறு இழுப்பறை, ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டியிருக்கும், நான் இடத்தை வைத்தே எடுத்துக் கொடுத்துப் பதினோரு வருஷம் ஓட்டினேன். வெள்ளையடித்தபோது முதலாளி இழுப்பறைகளை இடம் மாற்றிவிட்டார். தண்ணீர்ப் பம்புக்கு வாஷர் கேட்டவனுக்குக் கதவுக் கீல் கொடுத்தேன். கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேன் முதலாளி என்றேன். நீ என்னைக்குய்யா கண்ணாடி போட்டே என்றார். அதையே இப்போதும் வங்கியிலும் மருந்துக் கடையிலும் சொல்கிறேன், பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார்? உன் மகள். வேறெங்கும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை அவள், வீட்டிலேயே வாத்தியார்.

இழுப்பறைக் கதையை அவளிடம் சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தவள் அழுதுவிட்டாள். பக்கத்துப் பெண் வாசிப்பதைக் காதில் வாங்கி அப்படியே ஒப்பிப்பாளாம், கேள்வியின் நீளத்தைப் பார்த்தே இது எந்தக் கேள்வி என்று கண்டுபிடிப்பாளாம். கரும்பலகையில் இருப்பதைப் படம் போல வரைவாள், அதுதான் நாம் மெச்சிய அந்த முத்து முத்தான கையெழுத்து. மறுநாள் காலையில் அவளே சொன்னாள், தாத்தா நீங்களும் வாங்க, மிஸ்கிட்ட நானே சொல்றேன் என்று. சொல்லவும் செய்தாள், என் வேட்டி நுனியைப் பிடித்துத் திருகிக்கொண்டே. டீச்சரம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. நாற்பத்தியொரு பிள்ளைகளில் இவளைத்தான் கவலை இல்லாத பிள்ளை என்று நினைத்திருந்தாராம். இதையும் எழுதுங்கள் டீச்சரம்மா. எழுதிவிட்டார். இப்போது பள்ளி விட்டதும் தினமும் அரை மணி நேரம் இவளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார். எழுத்துக் கூட்டி அந்தப் புத்தகத்தில் நான்கு பக்கம் வாசித்துவிட்டாள். ஒரு செய்தி, உண்மையில் அந்தக் கதையில் பூனையே கிடையாதாம். இருவருக்குமே பெரிய ஏமாற்றம்.

இனி நீ. அவளைத் திட்டப் போகிறாய் என்றால் ஒன்று நினைவுபடுத்துகிறேன். நீ ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது உன் டீச்சர் ஒரு சீட்டுக் கொடுத்தனுப்பினார். உங்கள் மகள் கெட்டிக்காரி, அவளுக்கு நல்ல பென்சில் பெட்டி ஒன்று வாங்கிக்கொடுக்கவும் என்று கணீரென்று எனக்கு வாசித்துக் காட்டினாய். அன்று காலையிலேயே அந்த அம்மா கடைக்கு வந்து, நீ ஒரு பெண்ணின் ரிப்பனைக் கத்தரித்ததைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார் மகளே. ஆனாலும் நீலப் பெட்டி வாங்கிக் கொடுத்தேன், இல்லாத எழுத்தை அவ்வளவு அழகாக வாசித்த வாய்க்காக. ஆகவே திட்டாதே. விண்ணப்பத்தை ஒரு வருஷம் தள்ளி வை. தெரியாததை மறைத்துக்கொண்டு அவள் அங்கே வந்தால் அத்தனை பெரிய பள்ளியில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், என்னை மாதிரி எழுபது வருஷம் ஓட்டிவிடுவாள். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். நாலு வரியில், பெரிய எழுத்தில், அவளுக்குத் தபாலில் கடிதம் போடு. இந்த வீட்டில் அதை வாசிக்க அவளை விட்டால் ஆள் இல்லை. போடுவதற்கு முன் என்ன எழுதினாய் என்று போனில் எனக்கு மட்டும் வரி வரியாகச் சொல்லிவிடு, மனதில் வைத்துக்கொள்கிறேன். அவள் வாசிக்கும்போது திருத்த மாட்டேன். அதில் பூனை வருகிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் மனம் குளிர இருக்க வேண்டும், அதுதான் என் ஆசி. உறையைத் தூக்கிப் போட்டுவிடாதே. விலாசம் நான் மனப்பாடமாகச் சொன்னது, சில்வண்டு எதையும் பார்க்காமல் எழுத்துக் கூட்டி எழுதியது. முத்தெல்லாம் சிதறிக் கோழி கிளறின மாதிரி இருக்கும். டீச்சரம்மா வேறு உறையில் எழுதித் தருகிறேன் என்றார், விடவில்லை நான். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்திருக்கிறது என்றால், அவள் எழுதியதை யாரோ முன்பின் தெரியாத ஒருவர் வாசித்திருக்கிறார் என்று பொருள். அதை நீ போன் போட்டு அவளிடம் முதலில் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
(கீழே இருப்பது நான் வரைந்த கையெழுத்து)