அந்த நாற்காலிக்கு நீ வர வேண்டாம்

அன்பு மகள் இந்துமதிக்கு அம்மா எழுதுவது. மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை, இருக்கிறோம், சாப்பிடுகிறோம். போனில் உன் குரல் கேட்டாலே அழுகை முந்திக்கொள்கிறது, அதனால்தான் தெரிந்த எழுத்தில் எழுதுகிறேன்.

அக்காவின் பெரிய காரியம் முடிந்தது. பச்சைப் பிள்ளையோடு வர முடியவில்லையே என்று மருகாதே. ஊறுகாய் ஆலைப் பெண்கள் வந்து அழுதார்கள், ஹாஸ்டல் பிள்ளைகள் வந்தார்கள், படிப்பு நின்றுபோன பெண்களுக்கென்று அவள் கட்டியதாயிற்றே, ஆலையில் வருவதை எடுத்துத்தானே சோறு போட்டாள். கட்சிக்காரர்கள் காரியத்துச் சாப்பாட்டுக் கை காய்வதற்குள் இடைத்தேர்தல் பேச்சை எடுத்துவிட்டார்கள். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும், எம்.எல்.ஏ. இறந்தால் அந்த வீட்டு ஆள் நின்றால் எதிர்க்கட்சி ஒதுங்கிக்கொள்ளும். அதனால் உன்னைக் கேட்கிறார்கள். கேட்பதென்ன, கடைத்தெருவில் அக்கா படத்துக்குப் பக்கத்தில் உன் கல்யாணப் படத்தை ஒட்டி பேனரே கட்டிவிட்டார்கள். எல்லாம் அக்கா வீட்டுக்காரர் வேலை. அவருக்கு ஊரில் இருக்கிற பேருக்குக் கட்சி சீட்டுத் தராது. "அத்தே, இந்து வந்து கையெழுத்து மட்டும் போடட்டும், மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்கிறார்.

அவர் பார்த்துக்கொள்வது எனக்குத் தெரியாதா. அக்கா முதல்முதல் பஞ்சாயத்துத் தலைவியான அன்று மாலையைப் போட்டுக்கொண்டு போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்தவர்தானே, எல்லா ஊரிலும் புருஷன்கள் அப்படித்தான். "அம்மா நீங்க வீட்டுக்குப் போங்க, அதான் ஐயா இருக்காரே" என்று மெம்பர்கள் சிரித்தார்கள். அவள் நேரே போய் ஊறுகாய்க் கொட்டகையிலிருந்து மாங்காய் வெட்டும்போது உட்காருகிற மணையைக் கொண்டுவந்து அவர் எதிரிலேயே போட்டு உட்கார்ந்தாள். "தலைவி இங்க இருக்கேன், மனு குடுக்கறவங்க இந்தப் பக்கம் வாங்க" என்றாள். சனமெல்லாம் அவளைச் சுற்றித் தரையில் உட்கார்ந்துவிட்டது, இவர் மட்டும் உயரத்தில் தனியாக இருந்து பார்த்துவிட்டு எழுந்து போனார். அதற்கப்புறம் சட்டசபை வரை போனாள், என்ன கண்டாள் சொல். விடிந்தால் ஆலை, பகலெல்லாம் மனுக்காரர்கள், சாயந்திரம் ஹாஸ்டல், வீட்டுக்கு வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்துவிடுவாள். போதும்டீ என்றால் "செத்தப்புறம் தூங்கிக்கறேம்மா" என்பாள். தூங்குகிறாள்.

நேற்று மங்காயம்மா வந்தாள், அக்காவிடம் இரண்டு தடவை தோற்ற எதிர்க்கட்சிக்காரி. மேடையில் அக்காவை ஊறுகாய்க்காரி என்று திட்டினாளே, அதற்கு அக்கா ஒரு ஜாடி ஆவக்காய் அனுப்பிவைத்தாளே, அந்த ஜாடியைக் கழுவிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு ஓவென்று அழுதாள். "உங்க பொண்ணு என்னை வேலையத்தவளா ஆக்கிட்டுப் போயிட்டா பெரியம்மா, இனிமே நான் யாரைத் திட்டுவேன்" என்றாள். அப்புறம் மூக்கைச் சிந்திக்கொண்டு, "இந்து வந்தா நான் ஒதுங்கிக்கறேன், வழக்கத்தை மீற மாட்டேன். ஆனா அந்த ஆளுக்குப் பொம்மையா உக்காரவா அது அங்கேருந்து வரணும்?" என்றாள். எனக்கும் அதே கேள்விதான். ஹாஸ்டல் நிற்பது சர்க்கார் நிலம், எம்.எல்.ஏ. நினைத்தால் காலி பண்ணிவிடலாம், அதனால் அதை மட்டும் கேட்டேன். "அதைத் தொடுவேனா? எங்க வீட்டுல பாத்திரம் தேய்க்கறவ பொண்ணு அங்கதானே படிக்குது. தொட்டா மறுநாளே என்னை விளக்குமாத்தால அடிப்பா" என்றாள். எங்கள் வீட்டிலிருந்து யாரும் நிற்கவில்லை, நீ நில் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா வீட்டுக்காரர் குதிக்கிறார். குடும்பத்துக்கு வந்த சீட்டை எதிரிக்குத் தூக்கிக் குடுத்துட்டீங்களே என்கிறார். அது அவள் சம்பாதித்தது, குடும்பத்துடையது இல்லை என்றேன். உனக்குப் போன் பண்ணுவார், அழுவார், அக்கா பேரைச் சொல்லுவார், இளகிவிடாதே. ஆலையை நானும் பெண்களும் பார்த்துக்கொள்கிறோம், உடம்பு ஓடுகிறவரை ஓடட்டும். பிள்ளை பெற்ற உடம்பு, அந்தக் குளிரில் ஈரத் தலையோடு நிற்காதே. குழந்தைக்கு நடக்க வந்த பிறகு கூட்டிக்கொண்டு வா, என்னைப் பார்க்க வா, அதற்கு மட்டும் வா. நீங்கள் மூவரும் நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும்.

அக்கா நின்றதிலிருந்து அவள் சின்னத்தைத் தவிர இந்தக் கை வேறெதற்கும் ஓட்டுப் போட்டதில்லை. இந்தத் தடவை மங்காயம்மாவுக்குப் போடும். அக்கா கனவில் வந்து திட்டினால் திட்டட்டும், அந்தக் குரலையாவது கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சீதாரத்தினம்